இடைவெளியும் ஈரியா சமிதியும்

தைப்பூசக் காலத்தில் தாராபுரம் வழியாகப் பழநிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டத்தை ஒட்டியே லாரிகளும் பேருந்துகளும் விரைவதால், தாறுமாறாக ஓட்டும் ஒருவரின் பிழைக்கு நிதானமாக ஓட்டுபவர் எவ்வளவு ஈடுகொடுக்க வேண்டும் என்பது அறவியல் கேள்வியாகவும் ஆகிறது. கொங்கு நாட்டில் விடைதேடச் சமணமே பொருத்தமானது. கோவை–சேலம் நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி உள்ள விஜயமங்கலத்தில்தான் பழைய சமணக் கோயிலும் இருக்கிறது.

துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள், அதாவது கவன ஒழுக்கங்களுள், முதலாவதான ஈரியா சமிதி, உயிர்கள் மிதிபடாதிருக்க ஏறத்தாழ நான்கு முழ நிலத்தை முன்னே பார்த்தபடி நடக்கச் சொல்கிறது. நடப்பவர்க்கு அது போதும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரோ இரண்டு வினாடிக்குள் சுமார் 44 மீட்டரைக் கடந்துவிடும்; அதனால் ஓட்டுபவர் முன்வண்டிக்கு நீண்ட இடைவெளி விட வேண்டும்.

சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் 'பிரமாதம்' எனப்படும் அசட்டையோடு உயிர்க்கு ஊறு செய்வதையே ஹிம்சை என்று வரையறுக்க, உரையாசிரியர்கள் அதை விரித்து, உயிர் எதுவும் சாகாவிட்டாலும் அசட்டையாக நடப்பவர் குற்றவாளியே என்றனர். அவ்வாறாயின், முன்வண்டிக்கு அப்படி விட்ட இடைவெளியில் இடப்புறமிருந்து ஒருவர் புகுந்தபின், ஹாரனை அழுத்தி அவர் பின்னாலேயே ஒட்டிச் செல்பவர், மோதல் நிகழாவிட்டாலும் தம் பங்குக் குற்றத்தைத் தொடங்கிவிட்டார். வேகத்தைத் தணித்து மீண்டும் இடம் விடுவதைத் தோல்வி எனக் கருதுவது வெறும் வீம்பு.

ஆயினும் இவ்வொப்பீட்டுக்கு எல்லை உண்டு: சமணத் துறவியர் இருட்டில் நடப்பதைத் தவிர்ப்பர், இரவுப் பேருந்தை ஓட்டுபவருக்கும் முதுகுப்பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி நடக்கும் பக்தருக்கும் அந்த வசதி இல்லை.