நான் கணக்கு குரூப்ல இருந்துக்கறேன்

பள்ளிக்கூடத்தில் 'புராஜெக்ட்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு வாசனை உண்டு. ஃபெவிகால், ஸ்கெட்ச் பேனா, தெர்மாகோல் தூள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டேஷனரி கடை வாசலில் நிற்கும் அப்பாக்கள். இதைக் கேலி செய்து நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சிக்கல் நல்ல புராஜெக்ட்டுகளோடுதான். பாடங்களுக்கு நடுவில் இருக்கிற சுவரை எடுத்துவிட்டு, ஊரில் உள்ள ஒரு நிஜமான விஷயத்தை நடுவில் வைத்து, கணக்கும் தமிழும் வரலாறும் அதைச் சுற்றி உட்காரட்டும் என்கிறோமே, அது உண்மையிலேயே நடந்துவிட்டால் வருகிற சிக்கல்.

நான் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். காஞ்சிபுரம் பக்கம், எங்கே திரும்பினாலும் ஏரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புக்கு ஊர் ஏரியையே ஆறு வாரப் பாடமாக எடுத்துக்கொண்டோம். தமிழ் டீச்சர் ஏரிச் சொற்களைச் சேகரிக்கச் சொன்னார்: மதகு, கலங்கல், வரத்துக்கால், கடைமடை. பெரியவர்களைப் பேட்டி எடுப்பதும் அவர் பொறுப்பு. சமூக அறிவியல் சாருக்கு உத்திரமேரூர் கல்வெட்டு. அறிவியல் டீச்சருக்குத் தண்ணீர்ப் பரிசோதனை. எனக்கு, ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்ற கணக்கு.

பேட்டிக் குழுவுக்குத்தான் கிராக்கி. வெளியே சுற்றலாம், போன் எடுத்துப் போகலாம். அந்த வகுப்பில் ஒரு பையன். அவன் தாத்தா ஊர் நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து மடை திறந்து மூடுகிறவர். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்த வேலை தலித் குடும்பங்களிடம் இருந்தது. கூலி பெரும்பாலும் நெல். ஊரார் நிலத்துக்கெல்லாம் தண்ணீர் கட்டுகிறவருக்கு அந்த ஏரிப் பாசனத்தில் சொந்தமாக ஒரு காணி இல்லாமலிருப்பது சகஜம்.

வகுப்பு மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது. "டேய், உங்க தாத்தாதான்டா ஏரியே." தமிழ் டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ பேட்டிக் குழுவுக்கு நீதான்டா தலைவர்." அவன் எழுந்து, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான்: "சார், நான் கணக்கு குரூப்ல இருந்துக்கறேன்."

அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் எனக்கும் டீச்சருக்கும் ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. அவர் சொன்னது: "அவனுக்குக் கூச்சம் சார். அதை நாமதான் உடைக்கணும். அவங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சதுல கால்வாசி நமக்குத் தெரியாது. அந்த அறிவை வகுப்புல மரியாதையா உட்கார வைக்கத்தானே இவ்வளவும்?"

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த மரியாதையை அவன் கேட்கவில்லை. கணக்கு வகுப்பின் நாற்பது நிமிடத்தில் அவன் யாருடைய பேரனும் இல்லை. x-க்கு ஊர் கிடையாது, தெரு கிடையாது. பாடப்புத்தகம் வாழ்க்கையிலிருந்து துண்டித்துக்கொண்டு நிற்கிறது என்று குறை சொல்கிறோம். அந்தத் துண்டிப்பில்தான் சில பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள் என்பது நம் கண்ணில் படுவதில்லை.

இந்த முறையின் மூலவர்களைப் படிக்கும்போதும் எனக்கு இதே இடத்தில்தான் முள் குத்துகிறது. ஜான் டூயி 1896-ல் சிகாகோவில் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். 1899-ல் வந்த 'பள்ளியும் சமூகமும்' என்ற அவருடைய நூலில் ஒரு அருமையான பகுதி இருக்கிறது. பிள்ளைகள் கையில் பருத்தியையும் கம்பளியையும் கொடுக்கிறார்கள். விதையிலிருந்து பஞ்சைக் கையால் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அரை மணி நேரம் ஒரு குழுவே உட்கார்ந்து பிரித்தும் ஒரு அவுன்ஸ்கூடத் தேறவில்லை. தங்கள் முன்னோர் ஏன் பருத்தியை விட்டுக் கம்பளி உடுத்தினார்கள் என்று பிள்ளைகளுக்குத் தானாகவே புரிகிறது. ஒரு நார், அதற்குள் அறிவியல், வரலாறு, தொழில்நுட்பம் எல்லாம். ஆசிரியனாக எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஆனால் யாருடைய முன்னோர்? அந்த நாட்டில் அடிமைமுறை ஒழிந்து அப்போது 34 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பஞ்சு பிரிக்கும் இயந்திரம் 1790களில் வந்த பிறகுதான் தெற்கில் பருத்தித் தோட்டங்கள் பெருகி, அடிமைகளின் எண்ணிக்கையும் பெருகியது. பருத்தி பறித்த கைகளைப் பற்றி அந்தப் பகுதியில் பேச்சே இல்லை. அந்த அறையில் பருத்தி பறித்த ஒருவரின் பேத்தி உட்கார்ந்திருந்தால், அந்த அரை மணி நேரம் அவளுக்கு என்னவாக இருந்திருக்கும்?

அதே பருத்திதான் 1937 அக்டோபரில் வார்தாவுக்கும் வருகிறது. காந்தி கூட்டிய கல்வி மாநாடு, பிறகு ஜாகிர் உசேன் குழுவின் அறிக்கை: கைத்தொழில் ஒன்றை நடுவில் வைத்து எல்லாப் பாடங்களையும் அதோடு இணைப்பது. தக்ளி சுற்றும் பிள்ளை நூலின் நீளத்தில் கணக்கும் பருத்தி விளையும் மண்ணில் புவியியலும் கற்கும். கையே படாத சாதிகளின் பிள்ளைகளைத் தக்ளி பிடிக்க வைத்தது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அக்கிரகாரத்துப் பையன் தறியில் உட்கார்ந்தால் அது புரட்சி. நெசவாளி மகன் உட்கார்ந்தால் அது திங்கட்கிழமை.

தமிழ்நாட்டுக்கு இது நூலறிவாக வந்து சேரவில்லை. 1953-ல் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார்: பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்பது. எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர்தான் நிலைத்தது: குலக்கல்வி. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார்; காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். எங்கள் புராஜெக்ட்டை அதோடு ஒப்பிட்டால் டீச்சருக்குக் கோபம் வரும், நியாயமான கோபம். அதில் பிள்ளை அப்பனின் தொழிலுக்குத் திரும்ப வேண்டும். இதில் எல்லாப் பிள்ளைகளும் ஏரியைப் படிக்கிறார்கள். ஆனாலும் நிலக்காரர் மகளுக்கு ஏரி ஒரு சுற்றுலா. இவனுக்கு அது, வீட்டில் விட்டுவிட்டு வந்த ஒன்று பின்னாலேயே வகுப்புக்குள் நுழைவது மாதிரி.

டீச்சர் இதற்கும் பதில் வைத்திருந்தார். "சரி சார், அவன் வேணாம்னா யார் போவாங்க? தாத்தா பேசறத யார் எழுதிக்குவாங்க? நிலம் வெச்சிருக்கவங்க வீட்டுப் பசங்க. கடைசியில அவர் அறிவும் அவங்க நோட்டுலதான் போய்ச் சேரும்." இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

அவன் கணக்குக் குழுவில் இருந்தான். நீர்ப்பரப்பு சுமார் 40 ஹெக்டேர் என்று வரைபடத்திலிருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். மதகருகே ஆழம் 3 மீட்டர். மற்ற பிள்ளைகள் இரண்டையும் பெருக்கி 120 கோடி லிட்டர் என்று எழுதினார்கள். இவன் மட்டும், "தப்பு சார். நடுவுல போனா நெஞ்சளவுதான். அந்தாண்ட கரையில கணுக்கால்கூட நனையாது" என்றான். அப்படியானால் ஏரி பெட்டி மாதிரி இல்லை, ஆப்பு மாதிரி. சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். தண்ணீர் 60 கோடி லிட்டர். போர்டில் அவனே குறுக்குவெட்டு வரைந்தான், முக்கோணம். எப்படித் தெரியும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஏரி அவனோடு வகுப்புக்குள் வந்துதான் இருந்தது. ஆனால் எவ்வளவு வரலாம் என்பதை அவன் தீர்மானித்திருந்தான்.

சமூக அறிவியலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்றொரு குழு வருகிறது. பழந்தமிழர் ஜனநாயகம் என்று நாம் மார்தட்டும் குடவோலைத் தேர்தலில் ஆட்களைத் தேர்ந்தெடுத்த குழு. அதற்கான தகுதிகளும் அங்கேயே இருக்கின்றன: கால் வேலிக்குமேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35 முதல் 70, வேத அறிவு. ஒரு பெண் கேட்டாள்: "அப்போ மடை திறந்தவங்க வாரியத்துல இல்லையா சார்?" பாடங்களுக்கு நடுவே சுவர் இருந்தவரைக்கும் இந்தக் கேள்வி எங்கள் பள்ளியில் வந்ததே இல்லை. குடவோலை வரலாற்றில் இருந்தது, மடை தமிழில் இருந்தது. அதனால்தான் என்ன சிக்கல் இருந்தாலும் இந்த வேலையை விட எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பையன் அப்போது நோட்டில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

பேட்டி நடந்தது. மூன்று பெண்கள் போனார்கள். தாத்தா ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்: எந்தக் காற்றுக்கு எந்த மடை, வறட்சியில் பங்கு பிரிப்பது, ராத்திரியில் திருட்டுத்தனமாக மடை திறந்தவர்கள். டீச்சர் அதை எனக்குப் போட்டுக் காட்டினார். கடைசியில் ஒரு பெண், "உங்களுக்கப்புறம் யாரு தாத்தா பாத்துப்பாங்க?" என்று கேட்கிறாள். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். பிறகு, "எம் பேரன அந்த மடைப் பக்கமே நான் வுட்டதில்லம்மா. அவன் படிக்கணும். நீங்கல்லாம் கத்துக்குங்களேன்."

பார்த்தீங்களா என்பதுபோல நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இத அவன் கேட்டிருக்கணும் சார்."

அவன் இப்போது பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, கணக்கு எடுத்துப் படிக்கிறான். ஒலிப்பதிவு டீச்சர் போனில் இருக்கிறது. அனுப்பலாமா வேண்டாமா என்று மாதம் ஒருமுறையாவது பேசிக்கொள்கிறோம். அவன் நம்பர் எங்கள் இரண்டு பேரிடமும் இருக்கிறது.