ஆட்டுக்கு உண்டு, ஆளுக்கு இல்லை

குந்தாரப்பள்ளிச் சந்தையில் விலை பேசப்படும் ஒவ்வொரு ஆடும் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்கிறது. விலை பேசுகிற மனிதருக்கு அந்த வசதி இல்லை. அதற்கான மரபணு நம் மூதாதையரிடமே எப்போதோ பழுதாகிவிட்டது. கொய்யாவோ நெல்லிக்காயோ தின்றுதான் ஆக வேண்டும்.

வைட்டமின் சி-க்கும் ரத்தத்துக்கும் என்ன தொடர்பு?

எலும்பு மஜ்ஜையில், ஆக்சிஜன் குறைந்த இடத்தில், பெரும்பாலும் ஓய்வில் கிடப்பவை, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள். இவை வைட்டமின் சி-யை வழக்கத்துக்கு மீறிச் சேர்த்து வைத்திருப்பதை 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதரிடமும் எலியிடமும் கண்டார்கள். நம்மைப் போலவே அதைத் தயாரிக்க முடியாத எலிகளில் அந்தச் சத்து குறைந்தபோது ஸ்டெம் செல்கள் பெருகின. பெருகினால் நல்லதுதானே? அதுதான் இல்லை. அவற்றைக் கட்டுக்குள் வைக்கும் டெட்2 என்ற நொதி மந்தமானது. ஏற்கெனவே மரபணுக் கோளாறு உள்ள எலிகளில் ரத்தப் புற்றுநோய் வேகம் பிடித்தது.

எலியில் கண்டதை வைத்து மாத்திரைக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஒரு கொய்யாப்பழம் போதும். ராகிக் களியிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் ஏற்கவும் அது உதவும்.