யார் கைச் சோறு?

ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்பது எளிது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், யார் பரிமாறுகிறார், கடைசியில் சாப்பிடுவது யார் என்று கேட்டால், ஊரே பதில் சொல்ல வேண்டிவரும். உணவை ஆராயும் சமூகவியலாளர்கள் இந்தக் கேள்வியைத்தான் விடாமல் கேட்டுவந்திருக்கிறார்கள்.

மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை, தமிழ்ப் பிராமணர்களின் சாப்பாட்டைப் பற்றி 1981இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். வீடு, கல்யாணப் பந்தி, கோயில் ஆகிய மூன்று இடங்களிலும் மரியாதையும் அதிகாரமும் உணவின் வழியே எப்படிப் பங்கிடப்படுகின்றன என்று காட்டினார். ஒரே சோறு மனிதர்களைச் சேர்க்கும். பிரிக்கவும் செய்யும் என்றார். பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் 'அறியப்படாத தமிழகம்' நூலில் உப்பையும் சோற்றையும் கொண்டே தமிழர் வரலாற்றைப் படித்தார்.

இவர்களைப் படித்தபின் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால், கண் தானாகவே தொழிலாளர் அறைகளின் அடுப்பைத் தேடுகிறது. இரும்பாலைகளில் பிகார், ஒடிசா, அசாம் ஆட்கள் ஷிஃப்ட் பார்க்கிறார்கள். சத்து எனும் வறுத்த கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் வெங்காயமும் சேர்த்துக் குடிப்பது பிகார் வழக்கம். சோற்றில் நீரூற்றிப் புளிக்கவைத்து உண்பது ஒடிசா வழக்கம். அதற்குப் பகாளா என்று பெயர். அசாமில் பொயிதா பாத். நம் வீட்டுப் பழைய சோறேதான். வெயிலில் உழைக்கும் உடம்புக்கு நீரும் உப்பும் வேண்டும் என்பதை எல்லா ஊர் ஏழைகளும் அறிந்திருக்கிறார்கள்.

ஆனால் நாமோ, 'வடக்கன், ரொட்டி தின்பான்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அவர்கள் உருக்கிய கம்பி நம் வீட்டுக் கூரைக்குள் இருக்கிறது. அவர்கள் பானைக்குள் என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. மொழி புரியாததுதான் காரணம் என்றும் சொல்ல முடியவில்லை. இதே கும்மிடிப்பூண்டியில் ஈழத்தமிழர் மறுவாழ்வு முகாம் பல ஆண்டுகளாக இருக்கிறது. தமிழ் பேசும் அவர்களின் சொதியை நம்மில் எத்தனை பேர் ருசித்திருக்கிறோம்?

பிள்ளைகளுக்கு அரசு ஒரு பொதுப் பந்தியைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தக் காலை உணவுத் திட்டம் ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் 2024 ஜூலை 15 அன்று இந்த மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் விரிவுபடுத்தப்பட்டது. பெரியவர்களுக்கு அப்படி ஒரு பந்தி இல்லை. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கிறோம். வரிசையில் நிற்பவரின் ஊரை யாரும் கேட்பதில்லை. அது நல்ல மரபு. ஆனாலும் அங்கே கொடுக்கும் கை நம்முடையதாகவே இருக்கிறது.

யார் கையால் யார் வாங்கிச் சாப்பிடுவது என்பதை வைத்துத்தான் சாதி நம்மை அடுக்கியது. கொடுப்பவர் எப்போதும் உயரத்தில் நிற்க முடியும்; வாங்கிச் சாப்பிடுகிறவர்தான் எதிரிலிருப்பவரைச் சமமாக ஏற்கிறார். ஆகவே, பக்கத்து அறைத் தொழிலாளிக்குப் பொங்கல் கொடுத்தனுப்புவதோடு நிறுத்தாமல், அவர் கிண்ணத்தில் ஊற்றித் தரும் பகாளாவையும் நாம் வாங்கிச் சாப்பிட வேண்டும். அக்கம்பக்கமாக வாழ்வது அதற்குப் பிறகுதான் தொடங்கும் என்று நம்புகிறேன்.