ஓடுதுல்ல, விடு!

ஒரு விஷயம் வேலை செய்கிறது என்பதும், அது சரியாக இருக்கிறது என்பதும் ஒன்றுதானா?

கீழ்பென்னாத்தூர்க்காரத் தம்பி ஒருவர் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறார். தீபாவளிக்கு ஊருக்கு வந்தும் லேப்டாப்பும் கையுமாகவே இருந்தார். ‘‘என்னப்பா?’’ என்றால், ‘‘பில்டு ஃபெயில் ஆகுதுண்ணா!’’

பல பேர் எழுதியதை ஒன்றுசேர்த்து, ஓடக்கூடிய ஒரே புரோகிராமாக்குவதுதான் பில்டு. எதை எங்கிருந்து எடுப்பது, எந்த வெர்ஷன் என்பதையெல்லாம் ஒரு குறிப்பு ஃபைல் சொல்லும். அதில் ஒரு எழுத்து பிசகினாலும் திரை முழுக்கப் பிழைகள் கொட்டும். ‘‘முதல் பிழையைப் பிடிச்சா, மீதி பெரும்பாலும் தானா போயிடும். ஆனா, சில பேர் தேடவே மாட்டாங்க. குறை சொல்ற சோதனையையே ஆஃப் பண்ணிடுவாங்க. பில்டு பச்சையாயிடும். ஓடுதுல்ல, விடும்பாங்க!’’

2024 மார்ச்சில் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் மட்டும், லாகின் ஆக அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விடாமல் தோண்டினார். ‘எக்ஸ்.இஸட்.’ என்ற இலவச சாஃப்ட்வேருக்குள் திருட்டு வாசல்! இரண்டு வருடத்துக்கும் மேலாக உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்த ஒருவரின் கைவரிசை. அந்த விஷத்தை உள்ளே இழுத்துவரும் வரி, எல்லோரும் பார்க்கும் மூல நிரலில் இல்லை. டவுன்லோடுக்குத் தந்த பொட்டலத்தின் பில்டு குறிப்பில் இருந்தது. மார்ச் 29-ம் தேதி அவர் உலகுக்குச் சொன்னதால், பெருவாரியான சர்வர்களுக்குப் பரவும் முன்பே பிடிபட்டது.

‘எல்லாத்தையும் தோண்டிக்கிட்டே இருந்தா வேலை எப்ப முடியும்?’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். கெடு இருக்கிறது, மேனேஜர் இருக்கிறார்.

பி.காம். படித்தவர்களுக்கு இதற்கு ஒரு வழி தெரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லையா? வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு மேற்கொண்டு வேலையைப் பார்க்கலாம். தப்பைக் கண்டுபிடித்ததும் நேர் செய்ய வேண்டும். இது ஏமாற்று வேலை இல்லையா? இல்லை. ‘இங்கே எனக்குப் புரியாத ஒரு வித்தியாசம் இருக்கு’ என்று அந்த வரி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி புத்தகத்திலேயே நிற்கிறது. சோதனையை ஆஃப் செய்தவரோ, வித்தியாசம் இருந்த சுவடையே அழித்துவிடுகிறார். நாளைக்கு வருகிறவன் பச்சையைப் பார்த்து நம்புவான். மாட்டிக்கொள்வதும் அவன்தான்.

தள்ளிப்போடுவது தப்பில்லை. தள்ளிப்போட்டதை மறைப்பதுதான் தப்பு.

வலிக்கு மாத்திரை போடுங்கள். ஆனால், வலி இருப்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். தம்பதிக்குள் ஒரு மனஸ்தாபமா? ‘இப்ப வேணாம், அப்புறம் பேசலாம்’ என்பதுகூட நேர்மையான பதில்தான். ‘ஒண்ணுமில்லை’ என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் ஆபத்து.

உங்கள் அனாமத்துக் கணக்கில் என்னென்ன இருக்கிறது? எழுதியாவது வைத்திருக்கிறீர்களா?