கடைக்கு இடம் கொடுப்பவர் யார்?

சந்தையிலோ தெருவிலோ ஒருவருக்குக் கடை வைக்க இடம் ஒதுக்கும் அதிகாரம் யாருக்கு உரியது என்னும் கேள்வி நம் நீதிமன்றங்களுக்குப் பழகிப்போன ஒன்று. 1989ஆம் ஆண்டு சோதன் சிங் வழக்கில், தெருவோர வணிகமும் அரசியல் சாசனத்தின் 19ஆம் விதி தரும் உரிமையே என்று ஏற்ற உச்ச நீதிமன்றம், குறிப்பிட்ட ஓர் இடத்தை எவரும் உரிமையாகக் கோர முடியாது என்றும் உரைத்தது. பிழைக்க உரிமை உண்டு. அமர இடம் மட்டும் பிறர் தயவில். இந்தத் தயவில்தான் கையூட்டும் சிபாரிசும் குடியேறுகின்றன.

2014ஆம் ஆண்டுச் சட்டம் அத்தயவுக்குக் கடிவாளம் இட்டது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். இடத்தைவிட ஆட்கள் மிகுந்தால் சீட்டுக் குலுக்க வேண்டும். (மத்தியாவைத் திருத்தூதராகத் தேர்ந்ததும் சீட்டுப் போட்டுத்தானே!) பகிர்வு நீதிக்கு எதிரான பாவம் முகதாட்சணியம் என்றார் புனித தோமா அக்குவினாஸ். தகுதியை விடுத்து ஆளைப் பார்த்துக் கொடுப்பது அது. சீட்டுக்கு முகம் தெரியாது.

ஆனால் அதே சட்டம் இரயில்வேக்குச் சொந்தமான நிலத்தைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் இரயிலேறித் திருவள்ளூரில் இறங்கிக் கீரை விற்கும் பெண் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். நிலைய எல்லைக்குள் கூடையை இறக்கினால் இச்சட்டம் அவரைக் காணாது. பத்தடி தள்ளி நகராட்சித் தெருவில் இறக்கினால் காணும். கூடையும் அதே, பசியும் அதே. நிலத்துக்கு உரியவர் என்பதனாலேயே பங்கிடும் நீதியிலிருந்து ஒருவர் விலக்குப் பெறுவாரா? இரயில்வே நிலமும் பொதுச்சொத்தே என்பதை நினைக்கையில், நமக்கு அப்படித் தோன்றவில்லை.