சபராளியின் மனைவி

பிரிந்திருக்கும் மனைவியின் சபுரைப் புகழ்வது நம்மவரிடையே பழகிப்போன காரியம். அவளைக் கேட்டுக்கொண்டுதான் புகழ்கிறோமா?

கடையநல்லூரில் எங்கள் நன்னிக்கு ஓர் அக்காள் இருந்தார். நிக்காஹ் முடிந்த மறு வருஷம், 1940இல், அவருடைய மாப்பிள்ளை பினாங்குக்குக் கப்பலேறினார். சூலியா தெருவில், அஞ்சடியில் ஒட்டுக்கடை. மாதம் தவறாமல் கடிதமும் பணமும் வந்தன. 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு போட்டன. 19ஆம் தேதி ஜப்பானியப் படை தீவுக்குள் நுழைந்தது. அதோடு தபாலும் நின்றது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினர். பிறகு கப்பலும் ஓடிற்று. ஊர் திரும்பிய சபராளிகளிடமெல்லாம் விசாரித்தார்கள். குண்டில் மாண்டார் என்றார் ஒருவர். சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள் என்றார் மற்றொருவர். கண்ணால் கண்டவர் எவருமில்லை.

அந்த அம்மையார் மௌத்தாகும் வரை காத்திருந்தார். சபுருக்கு அவரைத்தான் சொல்ல வேண்டும் என்று ஊரார் மெச்சினார்கள். வயோதிகத்தில் ஒரு நாள் எங்கள் உம்மாவிடம், "காத்திருக்கிறியான்னு என்னை ஒருத்தரும் கேட்கலையே, புள்ளே" என்றாராம்.

இதில் பெரிய கொடுமை, அவருக்கு ஒரு கதவு திறந்தே இருந்தது. இந்தியாவில் 1939ஆம் வருஷத்து முஸ்லிம் விவாகரத்துச் சட்டப்படி, புருஷனைப் பற்றி நான்கு வருஷம் தகவல் இல்லையென்றால் மனைவி கோர்ட்டில் விடுதலை கேட்கலாம். தீர்ப்பான பின்னும் ஆறு மாதம் அது அமலுக்கு வராது. அதற்குள் புருஷன் வந்து, குடும்பம் நடத்தத் தயார் என்று கோர்ட்டுக்குத் திருப்தி உண்டாகக் காட்டினால் தீர்ப்பு ரத்தாகும். இது வெள்ளைக்காரன் புகுத்தியதன்று. ஹனஃபி மத்ஹபில், காணாமற் போனவனின் வயதொத்தவர்கள் மரித்துப்போகும் காலம் வரை அவள் இருக்க வேண்டியிருந்தது. நிர்ப்பந்தமான நிலையில் மாலிக்கி மத்ஹபின் நான்கு வருஷத் தவணையை எடுத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டியவர் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி. மெச்ச வந்தவர்களில் ஒருவருக்குமா இது தெரியாது? தெரிந்தவரும் சொல்லவில்லை.

ஜார்ஜ் டவுனில் சைனல் ஆபிதீன் சாலை ஒரு காலத்தில் யஹூதி சாலை. யூதர்களின் மையவாடி இன்றும் அங்கே உண்டு. அதே யுத்தத்தில் ஐரோப்பாவில் அந்தச் சமூகத்தாரில் சுமார் 60 லட்சம் பேரை நாஜிகள் கொன்றார்கள். ஆஷ்விட்ஸ் முகாமில் ரயிலை விட்டு இறங்கியதும் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. புருஷனும் பெண்சாதியும் விடை சொல்லிக்கொள்ளவும் நேரமில்லை. மாண்டவருக்கு கபன் இல்லை, கபுறு இல்லை. புருஷனின் முடிவு தெரியாத பெண்ணை அவர்கள் மார்க்கத்தில் 'அகூனா', அதாவது கட்டுண்டவள், என்பார்கள். அவள் மறுமணம் செய்ய முடியாது. யுத்தம் முடிந்த பின் அவர்களுடைய ரப்பிகள், தப்பி வந்தவர்களின் சாட்சியங்களை விசாரித்து, பல பெண்களின் கட்டை அவிழ்த்தார்கள். முதற் புருஷனை மனத்தில் வைத்துக்கொண்டே ஒருத்தி மறுமணம் செய்தால், முந்தின அன்பு பொய்யாகிவிடுமா? ஆகாது என்பது நம் கட்சி.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர் சுற்றியபோது, படைக்குப் போன கணவனை நினைத்து ஒரு பெண் புலம்புவதைக் கேட்டதாக அறிவிப்பு உண்டு. அவர்கள் அவளைப் புகழவில்லை. மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் போய், ஒரு பெண் எத்தனை காலம் தாங்குவாள் என்று கேட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. படைவீரருக்கு அதுவே தவணையாயிற்று.

இந்நாட்டில் நிக்காஹ் முடித்த நாமெல்லாம் தக்லீக் வாசித்திருக்கிறோம். குறித்த காலத்துக்கு மேல் விட்டுப் பிரிந்தால் அவள் ஷரீஅத் கோர்ட்டில் முறையிடலாம் என்று நாமே நம் வாயால் சொன்னது. அதை போட்டோக்காரரைப் பார்த்துக்கொண்டே வாசித்தோம்.

இன்று யுத்தமில்லை, தினம் முகம் பார்த்துப் பேச டெலிபோன் உண்டு. சென்ற வெள்ளிக்கிழமை, பாயான் பாருவில் எங்கள் கடையில் நிற்கும் தம்பியிடம், "ஊர் விட்டு மூணு வருஷம் ஆச்சே, வீட்டில் என்ன சொல்றாங்க?" என்றோம்.

"பொறுமையா இருக்காங்க, முதலாளி."

"கேட்டியா?"

"கேட்கலை" என்றார். லீவு தராதவர் நாம்தான்.