சனியின் வளையமும் நிலைபேறும்

நிலைத்தது எது, நிலையாதது எது என்ற வினாவைச் சமய சிந்தனை தோன்றிய நாள் முதலாக மனிதன் கேட்டுவந்திருக்கிறான். ஆனால் அதற்கு விடை தேடும்போதெல்லாம், அறிந்தோ அறியாமலோ, நிலைபேற்றைக் கடினத்தோடு சேர்த்தே எண்ணிப் பழகிவிட்டான். மலையும் கருங்கல்லும் அவனுக்கு உறுதியின் சின்னங்கள். நீரும் புகையும் நிலையாமையின் சின்னங்கள். இவ்வெண்ணம் எவ்வளவு ஆதாரமற்றது என்பதை, ராசிக்கு இரண்டரை ஆண்டாக ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் வானை வலம் வருவதென்று நம் முன்னோர் கணித்துவைத்த சனி கிரகம் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது.

சனி பூமியைப்போல் 95 மடங்கு நிறையுடையது. அதன் நடுக்கோட்டு விட்டம் ஏறத்தாழ 1,20,500 கிலோமீட்டர். இத்தகைய பேருருவத்தில் காலூன்றி நிற்க ஒரு சாண் நிலம் இல்லை. பெரும்பகுதியும் ஹைட்ரஜனும் ஹீலியமுமான அக்கோளத்துக்குள் ஒருவன் இறங்குவதாகக் கற்பித்துக்கொண்டால், முதலில் அமோனியா மேகங்களைக் கடப்பான். பின்னர் அழுத்தம் ஏற ஏற வாயு அடர்ந்து, இன்ன இடத்தில் வாயு முடிந்தது, இன்ன இடத்தில் திரவம் தொடங்கிற்று என்று கோடு கிழித்துக் காட்ட இயலாதபடி திரவமாகிவிடும். இன்னும் ஆழத்தில் அதே ஹைட்ரஜன் உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தும் நிலையை எய்தும். அதற்கும் கீழே இருப்பது கூட இறுகிய கல்லுருண்டையன்று, பாறையும் பனிக்கட்டியும் ஹைட்ரஜனோடு கலந்து எல்லை தெளியாமல் பரந்து கிடக்கும் மையமே என்று அண்மைக்கால ஆராய்ச்சிகள் உணர்த்துகின்றன. சனியின் சராசரி அடர்த்தி தண்ணீரினும் குறைவு. ஆயினும், பத்தரை மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றி, அந்த வேகத்தால் துருவங்களில் தட்டையாகி, சுமார் 450 கோடி ஆண்டுகளாக அது சனியாகவே இருந்துவருகிறது.

கிரகத்தைவிட அதன் வளையம் இன்னும் ஆழமான உண்மையைச் சொல்கிறது. 1610இல் கலிலியோ தம் தொலைநோக்கியில் அதை இருபுறமும் ஒட்டிய இரு துணைகளாகக் கண்டார். 1659இல் டச்சு வானியலார் ஹைகன்ஸ், கிரகத்தை எங்கும் தொடாமல் சூழ்ந்து நிற்கும் வளையம் அது என்று விளக்கினார். அது எதனால் ஆனது என்ற கேள்விக்கு இயற்பியலார் மாக்ஸ்வெல் கணிதத்தாலேயே விடை கண்டு, அதற்காக 1857இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆடம்ஸ் பரிசைப் பெற்றார். ஒரே சீரான திடத் தகடாக இருந்தால், அணுவளவு இடம் பெயர்ந்தாலும் அப்பெயர்ச்சி மேன்மேலும் வளர்ந்து வளையம் அழிந்திருக்கும். திரவமாக இருந்தால் அலைகளால் துண்டுபட்டிருக்கும். எண்ணிறந்த துகள்கள் தத்தம் பாதையில் தனித்தனியே சுற்றினாலன்றி அது நிலைத்திருக்க வழியில்லை என்பது அவர் கண்ட முடிவு. 1895இல் கீலர் என்னும் அமெரிக்க வானியலார், வளையத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட விரைந்து சுற்றுவதைக் காட்டினார். திடமான தகடாயின் வெளிவிளிம்பன்றோ விரைந்து செல்லவேண்டும்!

அவ்வளையத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மணல் பருமன் முதல் வீட்டின் பருமன் வரை பலவாறான, பெரும்பாலும் தூய பனிக்கட்டித் துண்டுகள், ஒவ்வொன்றும் வினாடிக்கு இருபது கிலோமீட்டர் அளவான வேகத்தில் ஓடுகின்றன. உள்ளே இருப்பவை 6 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடிக்க, வெளியே இருப்பவை 14 மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அடுத்தடுத்துள்ள இரு துண்டுகள் ஒன்றையொன்று உரசும் வேகமோ வினாடிக்குச் சில மில்லிமீட்டர்தான். வளையத்தின் தளத்தைவிட்டு மேலெழும் துண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை அத்தளத்தைக் கடந்தாக வேண்டும். கடக்கும்போது மற்றவற்றோடு மெல்ல மோதி, மேலும் கீழுமான தன் அசைவை இழந்து, பொதுத் தளத்தில் அமர்ந்துவிடும். இதனாலேயே சுமார் 2,80,000 கிலோமீட்டர் விட்டமுள்ள வளையம் பல இடங்களில் பத்து மீட்டர் தடிமனுக்கு மேற்படாமல் இருக்கிறது. சாதாரணக் காகிதத்தின் தடிமனில் அதற்கு மாதிரி செய்தால் அம்மாதிரி ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் அகலம் இருக்கும்.

அப்படியானால் வளையம் என்று ஒன்று உண்டா, இல்லை, துண்டுகள் மட்டுமே உண்டா? இவ்வினா பாரத நாட்டுக்குப் புதிதன்று. மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர், அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேர் ஆகா, அவற்றின் சேர்க்கைக்கு வழங்கும் பெயரே தேர் என்று உணர்த்தினார். நியாய வைசேஷிக தரிசனத்தாரோ, உறுப்புகளுக்கு வேறாக முழுமை என்ற அவயவியும் மெய்ப்பொருளே என்று வாதாடினர். வளையத்தைக் கொண்டு நோக்கும்போது இருசாராரிடத்தும் உண்மை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எந்தத் துண்டும் வளையம் அன்று, துண்டுகளை நீக்கினால் எஞ்சுவதும் ஒன்றுமில்லை. எனினும் அவற்றின் ஓட்டத்தை ஆளும் முறைமை வெறும் பெயர் அன்று, கணிதத்தில் எழுதத் தக்க அளவுக்கு அது மெய்யானது.

ஜடப் பொருளிலிருந்து ஆன்ம வாழ்வுக்கு நீதி பெறலாமா என்று ஒருவர் தடுக்கலாம், தடை நியாயமானதே. கிரகம் யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. ஆனால் ஒன்றாக இருப்பது இறுகியே இருக்கவேண்டும், நிலைப்பது அசையாமலே இருக்கவேண்டும் என்று நாம் ஐயமின்றிக் கொண்டிருந்த அநுமானத்தைப் பொய்யாக்க ஓர் எதிர்ச்சான்று போதும். அதைச் சனி தருகிறது. இறுகியிருந்தால் அழிந்திருக்கக்கூடியது, இளகி இயங்குவதாலேயே வாழ்கிறது. கொள்கையையும் சமுதாயத்தையும் கல்லாக்கிக் காக்க முயல்வோர் இதைச் சிந்திப்பது நன்று.

வளையமும் சாச்வதம் அன்று. 2004 முதல் சனியைச் சுற்றிய காசினி விண்கலம், 2017 செப்டம்பரில் அக்கிரகத்துக்குள் விழுந்து மறைவதற்கு முன்னர், வளையத்துக்கும் கிரகத்துக்கும் இடைப்பட்ட வெளியில் பலமுறை பாய்ந்து சென்று, வளையத்திலிருந்து பனியும் தூசும் கிரகத்தின்மீது ஓயாமல் பொழிவதைக் கண்டறிந்தது. வளையத்தின் வயதைக் குறித்து அறிஞரிடையே இன்னும் கருத்துவேற்றுமை உண்டு. அது தேய்ந்துகொண்டிருப்பதில் ஐயமில்லை. ஆனால் அதைத் தேய்ப்பதும் வளையமாக நிறுத்தியிருப்பதும் ஒரே ஈர்ப்பு விதியே. தோற்றமும் முடிவும் ஒரே முறைமைக்குள் அடங்குமாயின், உருவம் மறைவது முறைமையின் தோல்வி ஆகாது. நித்தியத்தை நாடுவோர் உருவங்களில் அதைத் தேடி ஏமாறவேண்டாம். உருவங்களை ஆக்கியும் அழித்தும் தான் மாறாதிருக்கும் நெறியில் தேடுவாராயின், சிந்தனை அவரைக் கைவிடாது, பக்தியும் பொய்க்காது.